நோட்டீஸில் பெயர் இல்லாத காலம்

நம் பழைய மாணவர்கள் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால், அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருத்தர் கட்டாயம் இதைச் சொல்லிவிடுவார்: "அவரை எல்லாம் நான் அப்பவே பார்த்திருக்கேம்பா! மேடையில மூலையில உட்கார்ந்து வாசிச்சுக்கிட்டிருந்தாரு. யாருக்குத் தெரியும், இப்படி வருவாருன்னு?" உடனே இன்னொருத்தர், "நீ என்னப்பா, நான் அதுக்கு முந்தியே பார்த்தவன்" என்பார். பிறகு காபி வரும். பேச்சு பேரப்பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடும்.

இந்த "அப்பவே" என்ற ஒற்றைச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, இதையே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கலைஞர்களின் வரலாறு எப்போதுமே மேடையிலிருந்துதான் எழுதப்படுகிறது. மேடைக்கு எதிரே பாயிலும் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கமிருந்து யாரும் எழுதுவதில்லை. வரலாற்றை ஒரு பாடமாக இந்தக் கல்லூரியில் படித்தவன் என்ற முறையில், அந்தப் பக்கமிருந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

ஐம்பது பேர் கூடினால் கச்சேரி

மதுரையில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஒரு கச்சேரி. வீணை வாசிப்பவர் சண்முகவடிவு. அவருடைய சின்ன மகள் தெருவில் மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். யாரோ வந்து அவளைத் தூக்கி, பாவாடையைத் தட்டி, கையைக் கழுவி, நேரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மேடையில் உட்கார வைக்கிறார்கள். அம்மா பாடச் சொல்கிறாள். குழந்தை இரண்டு பாட்டுப் பாடுகிறது. கைதட்டுகிறார்கள். குழந்தைக்கோ மனசெல்லாம் விட்டுவந்த மண் விளையாட்டிலேயே இருக்கிறது!

பின்னாளில் எம்.எஸ். சுப்புலட்சுமி தாமே நினைவுகூர்ந்த சம்பவம் இது. இதில் என்னைப் பிடித்து நிறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐம்பதிலிருந்து நூறு பேர் இருக்கலாம் என்றும், அந்தக் காலத்தில் கச்சேரிக்கு வழக்கமாகக் கூடும் கூட்டமே அவ்வளவுதான் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஐம்பது பேர்! இன்று ஒரு வளைகாப்புக்கு வரும் கூட்டத்தைவிடக் குறைவு. பாரத ரத்னா விருதை 1998-ல் பெற்றவரின் முதல் ரசிகர்கள், ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருந்தார்கள்.

பிறகு 1927-ல், பதினோராவது வயதில், திருச்சி மலைக்கோட்டைக் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் அவருடைய கச்சேரி நடந்தது. வயலின் மைசூர் சௌடையா, மிருதங்கம் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. ஏற்பாடு செய்தவர் எஃப்.ஜி. நடேச அய்யர். பெயர்களைப் பாருங்கள். ஒரு சிறுமிக்குப் பக்கவாத்தியமாக ஜாம்பவான்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! அந்த மண்டபத்துக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்கத்தான் வந்திருப்பார்கள் என்பது என் அனுமானம். வந்த இடத்தில் ஒரு குழந்தையையும் கேட்டார்கள். வரலாறு பெரும்பாலும் இப்படித்தான், வேறு ஏதோ பார்க்கப் போன இடத்தில் நம் கண்ணில் படுகிறது.

முசிறி வராத ஒரு நாள்

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் 1928-ம் வருஷம் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வசந்த உற்சவம். அன்று பாடவேண்டியவர் முசிறி சுப்பிரமணிய அய்யர். ஏதோ காரணத்தால் அவரால் பாட வர இயலவில்லை. அவருக்குப் பதில் மேடை ஏறியவர் பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன். கூட்டத்தில் எத்தனை பேர் "என்னய்யா இது, முசிறின்னு சொல்லிட்டு…" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போயிருப்பார்கள்! போனவர்கள் போக, உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் முதல் கச்சேரி.

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டியது, ஜி.என்.பி. ஒரு கல்லூரி மாணவர் என்பதைத்தான். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் ஹானர்ஸ் படித்தவர். அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937-ல்தான். ஜி.என்.பி. படித்த காலத்தில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. பகலில் ஷேக்ஸ்பியர், மாலையில் கல்யாணி, தோடி. கலைக்காகப் படிப்பை விட்டார்கள், படிப்புக்காகக் கலையை விட்டார்கள் என்ற இரண்டே கதைகள்தான் நம் வீடுகளில் சொல்லப்படுகின்றன. இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்ட மூன்றாவது கதையும் நம் ஊரில் உண்டு.

முசிறியை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். 1933, மயிலாப்பூர், தியாகராஜ உற்சவம். ஏழு வயசுப் பையன் புல்லாங்குழல் வாசிக்கிறான். கேட்பவர்களில் முசிறியும் பரூர் சுந்தரம் அய்யரும் உண்டு. வாசித்த மாத்திரத்தில் சுந்தரம் அய்யர் மேடைக்கு விரைந்து போய், பையனுக்குச் சால்வை போர்த்தி ஆசீர்வதித்தார். அந்தப் பையன்தான் டி.ஆர். மகாலிங்கம், நாம் மாலி என்று அறிந்தவர். அன்று எல்லோர் காதிலும் விழுந்தது ஒரே குழல்தான். ஆனால் எழுந்து போய்ச் சால்வை போர்த்தியவர் ஒருவர். "அப்பவே பார்த்தேன்" என்பதிலும் இரண்டு வகை உண்டு போலிருக்கிறது. பார்த்தவர்கள் ஒரு வகை, பார்த்ததற்கு ஏதாவது செய்தவர்கள் இன்னொரு வகை.

வேலூருக்குப் பொங்கல் சீர்

இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வேலூர் பி.ஏ. பெருமாள். நேஷனல் பிக்சர்ஸ் அதிபர். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடிய காலம். வீட்டை விட்டு வந்து, பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் போட்டு, எடுபிடி வேலை செய்து வளர்ந்த கணேசன் என்ற இளைஞனை "நூர்ஜஹான்" நாடகத்தில் பெண் வேடத்தில் பார்த்தார் பெருமாள். மனசில் முடிந்து வைத்துக்கொண்டார்.

கணேசன் அதற்கு முன்பே, 1940-களின் நடுவில், அண்ணாவின் "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" நாடகத்தில் சிவாஜியாக நடித்து, பெரியாரின் வாயால் "சிவாஜி" கணேசன் ஆகியிருந்தார். ஆனால் சினிமாவுக்கு அவர் புதுமுகம். "பராசக்தி" எடுக்கும்போது, இந்தப் பையன் ஒல்லியாக இருக்கிறான், வேண்டாம், வேறு ஆளைப் போடலாம் என்ற பேச்சு பலமாக எழுந்தது. பெருமாள் அசையவில்லை. தாம் நாடகக் கொட்டகையில் கண்ணால் பார்த்ததை நம்பினார். படம் 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று வெளியானது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

ஊரில் அவ்வளவாகப் பேசப்படாத கதை ஒன்று உண்டு. சிவாஜி புகழின் உச்சியில் இருந்த வருஷங்களிலும் பொங்கல் வந்தால் வேலூருக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்து, சீர் கொடுத்துவிட்டு வருவதை வழக்கமாக வைத்திருந்தார். லட்சக்கணக்கானோர் பார்த்துக் கைதட்டிய மனிதருக்கும், யாரும் நம்பாதபோது நம்பிய ஒருத்தரின் பார்வை தனியாகத் தெரிந்திருக்கிறது. முன்பே பார்த்தவருக்கு உள்ள மதிப்பை இதைவிட எப்படிச் சொல்வது?

இதே வரிசையில் அமெச்சூர் நாடகங்களையும் சொல்லவேண்டும். 1950-களிலும் 60-களிலும் சென்னையில் ஆபீஸ் விட்டதும் ஒத்திகைக்கு ஓடிய குமாஸ்தாக்கள் ஏராளம். ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிய கே. பாலசந்தர் அவர்களில் ஒருவர். ரயில்வேயில் வேலை பார்த்த நாகேஷ், ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சில நிமிஷம் வந்து போக, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேஷத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டி அவருக்குப் பரிசுக் கோப்பையைக் கொடுத்தார். கதாநாயகனாக நடித்தவர் யார் என்று இன்றைக்கு யாருக்காவது தெரியுமா?

கிடார் வாசிக்கிறது யாரு?

இனி நம் தலைமுறை நண்பர்கள் அதிகம் பேசும் இடத்துக்கு வருகிறேன். திருவிழா மேடை, மெல்லிசைக் குழு.

பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. கேரளத்தில் ஈ.எம்.எஸ். ஆட்சிக்கு அது ஒரு சோதனை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த அந்த மலைப் பகுதியில் பாவலரின் பாட்டுகள் முழங்கின. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அண்ணனின் குழுவில் சிறுவயதிலேயே போய்ச் சேர்ந்த தம்பிதான் இளையராஜா. ஆர்மோனியம் வாசித்தார். தொண்டை உடையாத வயதில் பெண் குரலிலும் பாடினார். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது. கொழுந்து பறித்துவிட்டு வந்த ஜனங்கள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். இளையராஜாவின் முதல் ரசிகர்களில் அவர்கள் அடக்கம். அவர்களில் யாரும் "அப்பவே கேட்டேன்" என்று எந்த மலரிலும் எழுதவில்லை.

அதே காலத்தில் ஆந்திரப் பக்கம் இன்னொரு கதை. கூடூரில் ஒரு பாட்டுப் போட்டி. பரிசு வழங்க வந்தவர் எஸ். ஜானகி. கல்லூரி மாணவர் ஒருவருக்கு இரண்டாம் பரிசு. ஜானகி சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை. முதல் பரிசுக்கு உரியவர் இந்தப் பையன்தான் என்று அங்கேயே சொல்லி, சினிமாவில் முயற்சி செய் என்று ஊக்கமும் கொடுத்தார். 1964-ல் சென்னையில் நடந்த ஒரு போட்டியில் அதே மாணவருக்கு முதல் பரிசு. அதைக் கேட்ட இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணி, பையனை விடாமல் பிடித்துக்கொண்டார். 1966 டிசம்பர் 15-ம் தேதி முதல் பாட்டு ஒலிப்பதிவானது. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். தமக்கு வாழ்வு கொடுத்தவரின் நினைவாக, பின்னாளில் தம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கோதண்டபாணி என்றே பெயர் வைத்தார்.

அந்த நாட்களில் எஸ்.பி.பி. நடத்திய மெல்லிசைக் குழுவை நினைத்துப் பாருங்கள். கூட இருந்தவர்கள் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன், அனிருத்தா. ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தார்கள். பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் பாடகரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். "கிடார் வாசிக்கிறது யாரு?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? 1969-ல் "அடிமைப்பெண்" வந்தபோது எஸ்.பி.பி.யின் குரல் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. கிடார்க்காரர் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டுக்கொண்டும், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்துக்கொண்டும் இன்னும் ஏழு வருஷம் காத்திருந்தார். "அன்னக்கிளி" 1976 மே மாதம் வந்தது.

அடுத்த தலைமுறையில் இதே கதை சாயல் மாறாமல் திரும்ப நடந்தது. 1980-களில் சென்னையில் "ரூட்ஸ்" என்றொரு இசைக்குழு. டிரம்ஸ் வாசித்தவர் சிவமணி. கீபோர்டில் ஒல்லியாக, வாயைத் திறக்காத ஒரு பையன். எம்.எஸ். விஸ்வநாதனிடமும் இளையராஜாவிடமும் கீபோர்டு வாசித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். ஒன்பது வயதில் அப்பாவை இழந்த வீட்டுக்கு அந்தச் சம்பளம்தான் அரிசி, பருப்பு. 1992 ஆகஸ்டில் "ரோஜா" வந்த பிறகு, அந்தக் கீபோர்டைப் பார்த்ததாகச் சொல்லாதவர்கள் சென்னையில் யாருமே இல்லை என்றாகிவிட்டது!

நாற்பது பேர் எப்படி ஆயிரமானார்கள்?

இங்கேதான் வரலாற்று மாணவனுக்குச் சந்தேகம் வருகிறது. இப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் உண்மையிலேயே அங்கே இருந்தவர்கள்தானா?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில், "அன்னக்கிளி" வெளியாகி மூன்றே வாரத்தில், 1976 ஜூன் 4-ம் தேதி, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு ஒரு சின்ன மண்டபத்தில் வாசித்தது. நுழைவுக் கட்டணம் 50 பென்ஸ். வந்தவர்கள் சுமார் 40 பேர்தான். ஆனால் வந்தவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்த் தாங்களும் குழு தொடங்கி, பின்னால் உலகப் புகழ் பெற்றார்கள். அந்த நாள் சரித்திரமாகிவிட்டது. விளைவு? அன்றிரவு நான் அங்கே இருந்தேன் என்று சொல்பவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டார்கள். யார் யார் உண்மையில் இருந்தார்கள் என்று துருவிக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு புத்தகமே எழுதவேண்டி வந்தது.

இவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஞாபகம் என்பது ஒரு வேடிக்கையான பிராணி. அண்ணன் பார்த்ததைத் தம்பி பார்த்ததாக நினைத்துக்கொள்வான். எழுபதில் பார்த்த கச்சேரி அறுபத்தெட்டுக்குப் போய்விடும். பேர் தெரியாத ஒரு கிடார்க்காரருக்கு, பிறகு பிரபலமான முகத்தை மனசு ஒட்டவைத்துவிடும். முன்பே பார்த்தவன் என்று சொல்லும்போது, "எனக்கு அப்பவே தெரியும்" என்ற பெருமை ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. பெருமை கலந்த ஞாபகத்தை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நமக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் சாட்சியம் எது? பிட் நோட்டீஸ். நிகழ்ச்சி நிரல். திருவிழா அழைப்பிதழ். கல்லூரி ஆண்டு மலர். யாரோ எடுத்த ஒரு மங்கலான போட்டோ. இவைதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல். பெயர் பெற்றவருடைய நோட்டீஸைப் பத்திரப்படுத்துவார்கள். பெயர் இல்லாதவருடைய நோட்டீஸில் சுண்டல் மடிப்பார்கள். அதைவிடக் கொடுமை, பெயர் இல்லாதவர் பெயர் நோட்டீஸிலேயே இருக்காது. "குழுவினர்" என்று ஒரே வார்த்தை. "மற்றும் பலர்" என்று இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டின் பாதிக் கலை வரலாறு இந்த "மற்றும் பலர்" என்பதற்குள் புதைந்து கிடக்கிறது.

மத்தியானக் கச்சேரி

சென்னையில் டிசம்பர் சீசன் என்ற ஏற்பாட்டில் மட்டும் இந்தக் குறை ஓரளவு நீங்கியிருக்கிறது. 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டின் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி உருவானது. நாளடைவில் அகாடமியும் மற்ற சபாக்களும் ஒரு படிக்கட்டை ஏற்படுத்தின. இளையவர்களுக்கு மத்தியானம், நடுத்தரத்தினருக்குப் பிற்பகல், பெரியவர்களுக்கு மாலை. ஒரு படி ஏறப் பல வருஷம் பிடிக்கும். நிகழ்ச்சி நிரலில் மத்தியானம் பாடுபவர் பெயரும், வயலின், மிருதங்கம் வாசிப்பவர் பெயர்களும் ஒழுங்காக அச்சாகும். பின்னால் யார் எந்த வருஷம் எந்த வேளையில் பாடினார் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

பகல் கச்சேரிக்கு நான் நிறையப் போயிருக்கிறேன். பெரும்பாலும் டிக்கெட் இல்லை, அது ஒரு காரணம்! ஐந்நூறு நாற்காலியில் நாற்பது பேர். அதில் பத்துப் பேர் பாடுபவரின் சொந்தக்காரர்கள். ஐந்து பேர் கேன்டீன் திறக்கும்வரை ஃபேனுக்கு அடியில் ஓய்வெடுப்பவர்கள். மீதி இருப்பவர்கள்தான் ரசிகர்கள். தாளம் போட்டுக்கொண்டு, தப்பு வந்தால் முகம் சுளித்து, நல்ல சங்கதி விழுந்தால் "பலே" சொல்லும் அந்த இருபத்தைந்து பேரை மேடையில் இருக்கும் இளைஞர் ஒருத்தர் விடாமல் முகம் முகமாகத் தெரிந்துவைத்திருப்பார். மாலைக் கச்சேரியில் கூட்டம் தெரியும், முகம் தெரியாது.

மாண்டலின் சீனிவாசை எண்ணிப் பாருங்கள். 1969-ல் ஆந்திராவில் பாலகொல்லுவில் பிறந்தவர். 1978-ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி, ஒன்பது வயசு. 1980-களின் தொடக்கத்தில் சென்னை சபாக்களுக்கு வந்தபோது, மாண்டலினில் கமகம் பேசுமா என்று தலையாட்டிய பெரியவர்கள் இருந்தார்கள். மாண்டலினுக்கு இரட்டை இரட்டையாக நான்கு ஜோடித் தந்தி. அதை ஒற்றைத் தந்திகள் ஐந்தாக மாற்றி, மின்சாரம் சேர்த்து, கமகத்தைப் பேச வைத்தார் அந்தச் சிறுவர். 1983-ல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். பெர்லின் கைதட்டுவதற்கு முன்னாலேயே கைதட்டியவர்கள் குடிவாடாவிலும் மயிலாப்பூரிலும் இருந்தார்கள். சீனிவாஸ் 2014-ல், 45 வயதில் மறைந்தபோது, அந்த ஆரம்பக் கச்சேரிகளைக் கேட்டவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையை இழந்த மாதிரி அழுததற்குக் காரணம் இதுதான்.

கல்லூரி மேடை

நம்முடைய சொந்த விஷயத்துக்கு வருவோம். 1972-ல் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர், கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டிக்காக ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். பெயர் "கிரேட் பேங்க் ராபரி". பரிசு கொடுக்க வந்தவர் கமல்ஹாசன். எழுதிய மாணவர் மோகன். பின்னாளில் கிரேசி மோகன். பதினெட்டு வருஷம் கழித்து, 1990-ல், "மைக்கேல் மதன காமராஜன்" படத்துக்கு அவர் வசனம் எழுத, கமல் நான்கு வேடத்தில் நடித்தார். கல்லூரி மேடையில் கொடுத்த பரிசு அங்கே முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா? மோகன் 2019-ல் மறைந்தார். அந்த 1972 நாடகத்தில் கூட நடித்த மாணவர்கள், திரை இழுத்தவர்கள், நாற்காலி சுமந்தவர்கள் எங்கெங்கோ எஞ்சினீயர்களாக இருந்து ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்களும் அந்தச் சிரிப்பின் பங்குதாரர்கள்தான்.

நம் கல்லூரியிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. எங்கள் விடுதியில் ஒரு நண்பர் டி.எம்.எஸ். பாட்டைப் பாடினால், மெஸ்ஸில் தட்டுச் சத்தம் நின்றுவிடும். மோர் ஊற்றுகிறவர்கூடக் கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் வங்கியில் சேர்ந்து, நாலு ஊர் மாற்றலாகி, நல்லபடியாக ஓய்வு பெற்றார். பிரபலம் ஆகவில்லை. அதனால் என்ன? நாங்கள் கேட்டது கேட்டதுதானே! பின்னால் பெயர் வந்தால்தான் முன்னால் கேட்டதற்கு மதிப்பு என்று வைத்துக்கொண்டால், நாம் கேட்ட பாட்டில் முக்கால்வாசியைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டியதுதான். பெயர் வருவது நூற்றில் ஒருவருக்கு. மீதி தொண்ணூற்றொன்பது பேர் பாடாவிட்டால் அந்த ஒருவர் நிற்க மேடையே இருந்திருக்காது.

இதை ஒரு சமாதானத்துக்காக நான் சொல்லவில்லை. வரலாறு காட்டும் காரண காரியம் அதுதான். ஜி.என்.பி.க்குக் கோயில் உற்சவம் இருந்தது. சிவாஜிக்கு நாடகக் கொட்டகை இருந்தது. இளையராஜாவுக்குக் கட்சி மேடை இருந்தது. எஸ்.பி.பி.க்குப் பாட்டுப் போட்டியும் மோகனுக்குக் கல்லூரி விழாவும் இருந்தன. எல்லாமே செலவு குறைந்த மேடைகள். தவறு செய்தால் ஊர் மறந்துவிடும் மேடைகள். பத்துத் தடவை சொதப்பிவிட்டுப் பதினோராவது தடவை பிடித்துக்கொள்ள இடம் கொடுத்த மேடைகள். இன்று ஒரு பிள்ளை முதல் தடவை பாடுவதையே பத்து செல்போன் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு சுருதி பிசகினால் அது அழியாமல் நிற்கிறது. 2020-ல் கொரோனாக் காலத்தில் மேடைகளே பூட்டிக் கிடந்தன. அகாடமி அந்த வருஷம் கச்சேரிகளை இணையம் வழியாகத்தான் நடத்தியது. எதிரே முகம் இல்லாமல் பாடுவது எப்படி இருந்தது என்று பாடிய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "காலி நாற்காலிக்கு முன்னாடி சங்கதி எழும்பவே மாட்டேங்குது சார்" என்றான் எனக்குத் தெரிந்த ஒரு பையன். பாடுபவருக்கு நாம் கொடுப்பது பணமோ, பரிசோ என்று நினைத்திருந்தோம். எதிரே உட்கார்ந்திருப்பதுதான் முதல் கொடை என்று அந்த வருஷம் எல்லோருக்கும் புரியவைத்தது.

இரண்டு வேண்டுகோள்

எழுதச் சொன்னவர்கள் சிரிக்கக் கூடாது. கட்டுரையை முடிக்கும் முன் சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பம் வைக்கிறேன்.

ஒன்று, உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், பழைய கல்லூரி நாள் நிகழ்ச்சி நிரல், விடுதி விழா நோட்டீஸ், குரூப் போட்டோ எது கிடந்தாலும் கொண்டுவந்து நம் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன், பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். தபேலா வாசித்தது யார், திரை இழுத்தது யார் என்று எழுதுங்கள். "மற்றும் பலர்" என்பதைப் பிரித்துப் பெயர் போடக்கூடியவர்கள் நாம்தான். நமக்குப் பிறகு யாராலும் முடியாது.

இரண்டு, நம் சந்திப்பு நாளில் மாணவர் கலை நிகழ்ச்சி வழக்கமாக மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் நாம் எங்கே இருப்போம் என்பது எல்லோருக்கும் தெரியும். போண்டா வரிசையில்! இந்த வருஷம் போண்டாவை ஆறரைக்குத் தள்ளி வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முன் வரிசையில் நாம் உட்காருவோம். செல்போனைப் பையில் வைப்போம். பாடுகிற பெண்ணின் பெயரையும், அவளுக்குப் பின்னால் கீபோர்டு வாசிக்கிற பையனின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பாடும்போது முன்னால் உட்கார்ந்திருக்கும் நரைத்த தலைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தாளம் தப்பினால் நாங்களும் கூடவே தப்புவோம். பாடுங்கள்!